பற்றரி வைத்தவன் புத்தி

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், அண்ணையின் கடையில் பழைய ஆர்கேட் கேம் மெஷின்களைத் திருத்துகிறோம். அண்ணை என்றால் முதலாளி. அந்த ஆளுயரப் பெட்டிகளைத் திறந்தால் எலிப்புழுக்கை, சிகரெட் கறை, எவனோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம். மத்தியானச் சோறு இறங்காது.

விம்பிள்டன் அங்கிள் ஒருவர் பட்டன் திருத்தத் தன் மெஷினைத் தந்திருந்தார். யூனிவர்சிட்டியில் படிக்கும் மகனோடு அவருக்குப் பேச்சில்லை. அந்த மெஷின் முன்னால் நின்றால் மட்டும் இருவருக்கும் வாய் திறக்குமாம். மகன் சனிக்கிழமை வருகிறான்.

ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார் அண்ணை. எல்லாம் என்றால் எனக்கு எல்லாம்தான். அங்கிளின் மெஷினுக்குள் இருந்த சர்க்கியூட் போர்ட்டையும் கழற்றினேன். அதில் பற்றரி ஒழுகி, பச்சையாகப் பொருக்குக் கட்டி, அழுகின கணவாய்போல மணத்தது. சாமிக்கு முன்னால் இந்த ஊத்தையா? பற்றரியை வெட்டி எறிந்தேன். போர்ட்டைத் தேசிக்காய்ச் சாறு விட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, சந்தனப் பொட்டும் வைத்தேன்.

பூசை முடிந்து போர்ட்டைத் திரும்பப் பொருத்தி மெஷினைப் போட்டால், திரையில் ஒன்றுமில்லை.

"பற்றரி எங்கையடா?"

"குப்பையில. மணத்தது அண்ணை."

"உன்ர சொக்ஸும்தான் மணக்குது. காலை வெட்டினனியே?"

பிறகு விளக்கினார். கேம் செய்த கம்பனிக்காரர் அதைத் திறக்கும் சாவியை மெமரியில் வைத்து, அது அழியாமலிருக்கப் பற்றரியால் மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். கொப்பி அடிக்க எவனாவது நோண்டினால் சாவி அழியும், கேம் சாகும். புதுப் பற்றரியை இணைத்த பிறகுதான் பழையதை எடுக்கவேண்டும்.

"ஒருவரும் நோண்டாட்டியும் பற்றரி ஒருநாள் முடியுமெல்லோ? அது தெரியாதே அவங்களுக்கு?"

"தெரியும். அதுக்குள்ள அடுத்த கேமை வித்துப்போடுவாங்கள்."

கள்ளனுக்குப் பயந்து, வாங்கினவன் சோற்றிலேயே நஞ்சு வைத்திருக்கிறார்கள். எலிப்புழுக்கைக்குக்கூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை.

பூட்டில்லாத புரோகிராமைப் புதுச் சிப்பில் எழுதிப் போடலாம். சிப் சனிக்கிழமைக்குள் வராது. அங்கிளுக்குப் போன் எடுத்து, நான்தான் கொன்றேன் என்றேன். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மகனோடு கடைக்கே வந்தார். போர்ட்டைக் காட்டி, நடந்ததையும் கம்பனிக்காரர் செய்துவைத்த வேலையையும் சொன்னேன். பற்றரி அரித்த கறையைக் கண்டு இருவரும் ஒரேமாதிரி மூக்கைச் சுளித்தார்கள்.

"வேணுமெண்டே செய்தவங்களே அப்பா?"

"ஓம். ஊத்தைப் பிறவியள்."

மகன் இன்னும் மோசமாக ஒன்று சொன்னான். தகப்பன் அதற்கு மேலே போனார். கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. என்னைத் திட்ட இருவருக்கும் நேரமே கிடைக்கவில்லை.