முப்பத்தாறாம் நம்பர், விலை இரண்டு ரூபாய்

எடமலைப்பட்டி புதூர் இருதயமேரிக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லூரி ஆபீசில் கிளார்க். வீட்டில் பீரோ நிறையப் பழைய காமிக்ஸ். அதில் ஒரு துப்பறியும் காமிக்ஸின் முப்பத்தாறாம் நம்பர் மட்டும் நாற்பது பிரதி.

காரணம் இருந்தது. அவள் ஒன்பதாவது படிக்கையில், பாலக்கரையில் இருந்த அப்பாவின் பத்திரிகைக் கடையை மூட வேண்டியதாயிற்று. அந்த வாரம் வந்த கட்டு பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது. கதை பாதியில் நின்றது. மிச்சம் முப்பத்தேழில். கடையே இல்லாத வீட்டுக்கு முப்பத்தேழு எப்படி வரும்? பிற்பாடு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. முப்பத்தாறின் கடைசிப் பக்கத்தில் பாறையில் தொங்கிய துப்பறிவாளன் முப்பத்தெட்டு வருஷமாக அவளுக்குள் தொங்கிக்கொண்டே இருக்கிறான்.

சேகரிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூடுதல் பிரதியை அட்டை விலைக்கே கொடுத்துவிடுவார்கள். காமிக்ஸ் சேகரிக்கிற துவாக்குடி ஆஸ்டின் வந்து, "எனக்கொண்ணு, எங்கண்ணனுக்கொண்ணு, ஃப்ரெண்ட்ஸுக்கு மூணுக்கா" என்றபோது, ஐந்தையும் பத்து ரூபாய்க்குக் கொடுத்து, டீயும் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஃபேஸ்புக்கில் அந்த ஐந்தும் இருந்தன. 'மிக அரியது. ஒன்று மூவாயிரம்.' அட்டை மூலையில் அப்பாவின் கடை முத்திரை.

இருதயமேரி அவனுக்குப் போன் போட்டாள். "மார்க்கெட் ரேட்க்கா. நான் என்ன திருடுனேனா?" என்றான். சேகரிக்கிறவர்களின் வாட்ஸப் குழுவை நடத்தும் விக்டரிடம் முறையிட்டாள். "விடுங்க மேடம், வாங்குறவங்க இஷ்டம்" என்றார் அவர். பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அன்றே குழுவில் எழுதினாள்: 'ஞாயிறு காலை, என் வீட்டில். முப்பத்தாறாம் நம்பர், இரண்டு ரூபாய், ஆளுக்கு ஒன்று. முதல் பக்கத்தில் வாங்குகிறவர் பேரைப் பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன்.'

குழுவே அலறியது. பக்கத்தில் பென்சில் கோடு விழுந்தாலே சோறு இறங்காத கூட்டம் அது. பேர் எழுதின பிரதியை எவன் மூவாயிரத்துக்கு வாங்குவான்? "மகா பாவம் மேடம்" என்றார் விக்டர்.

"பேர் எழுதுனா கதை மாறிடுமா? படிக்கத்தானே கேக்குறீங்க?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக அல்ஷிஃபா வந்தாள். உப்பிலியபுரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த டீச்சர். "நல்லாப் பெருசாவே எழுதுங்கக்கா. எவனும் சுட்டுட்டுப் போக மாட்டான்" என்றாள். அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் வாங்கினார்கள்.

பிறகு ஆஸ்டின் வந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததை மேஜைமேல் வைத்தான். முப்பத்தேழு.

"சும்மாவே வச்சுக்கங்கக்கா. மிச்சக் கட்டைப் பேர் எழுதாம எனக்குக் கொடுத்துடுங்க. முடிவு தெரியாமயே போய்ச் சேரப் போறீங்களா?"

அட்டையில் அதே பாறை. தொங்குகிறவனை நோக்கி மேலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. யாருடைய கை? உறையைப் பிரித்தால் தெரிந்துவிடும். அவளுக்குக் கண் கலங்கியே விட்டது.

முப்பத்தேழை அவன் பக்கமே தள்ளினாள்.

"இத்தன வருஷம் தொங்குனவன், இன்னுங் கொஞ்ச நாள் தொங்கட்டும்" என்றாள். கட்டிலிருந்து ஒரு முப்பத்தாறை உருவி, முதல் பக்கத்தைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினாள்.

"உங்க அண்ணனுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க தம்பி. ரெண்டு ரூபாதான். அவர் பேரென்ன, சொல்லுங்க, எழுதுறேன்."