கரம்பொன்னிலிருந்து பெர்லினைக் கவனித்துக்கொண்டது

பெர்லினில் மூன்றாம் உலகப் போர் தொடங்கப்போகிறது என்று, யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருக்கும் எங்கள் கரம்பொன்னில் அடித்துச் சொன்ன ஒரே மனிதன் நான்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்கு ஆதாரமாக இருந்தது விறாந்தையிலிருந்த சிற்றலை வானொலி. அதன் ஏரியல் கம்பியை முருங்கையில் கட்டியிருந்தேன். காற்றடித்தால் உலக அரசியல் விட்டுவிட்டுக் கேட்கும். விட்ட இடங்களை நானே நிரப்பிக்கொள்வேன்.

தொண்ணூறாம் ஆண்டின் முற்பகுதி அது. பெர்லின் மதில் விழுந்து, இரண்டு ஜெர்மனிகளும் ஒரே நாடாகச் சேரப் புறப்பட்டிருந்தன. அமெரிக்காவும் ரஷ்யாவும் பழைய பகையை மறந்து கைகுலுக்க, அதுவரை ஒரே அணியில் நின்ற மேற்கு நாடுகள் தங்களுக்குள் முறுகத் தொடங்கின. லண்டனுக்குப் பிடிக்கவில்லை, பாரிஸ் முகத்தைச் சுளித்தது, மேற்கு ஜெர்மனியோ அவசரப்பட்டது. தீவில் பிறந்தவனுக்கு இது விளங்காதா? அண்ணன் தம்பி நடுவேலியைப் பிடுங்கினால் முதலில் வயிறெரிவது அடுத்த வளவுக்காரனுக்குத்தானே.

"அவை தங்கட வேலியைப் பிடுங்கினா லண்டனுக்கு என்ன மாஸ்டர் நோகுது?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

"உங்கட வளவுக்குப் பக்கத்தில ரெண்டு சின்னக் காணி ஒரு பெரிய காணியாப் போனா, அடுத்ததா ஆரின்ரை வேலிக் கதியால் நகரும்?"

அண்ணை எழுந்து தன் வேலியைப் பார்த்துவரப் போய்விட்டார்.

எனக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. அக்காவின் கணவர் மேற்கு பெர்லினில் இருந்தார். நெடுநாள் இழுபட்ட விசா சரிவந்து, அக்காவை வரச்சொல்லியிருந்தார். சண்டை மூளப்போகிற ஊருக்கு அவளை எப்படி அனுப்புவது? இந்தியப் படை போனபின் எங்கள் ஊர் அப்போதுதான் கொஞ்சம் மூச்சுவிட்டது. "ஒரு வருஷம் பொறு அக்கா, இஞ்சை இப்ப அமைதிதானே" என்று ஒவ்வொரு பின்னேரமும் செய்தி முடிய விளக்குவேன். அக்கா அரிசி புடைத்தபடி, "ஓம் தம்பி, ஓம்" என்பாள். நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

சித்திரையில் ஒரு காலை, சூட்கேசோடு வாசல் படலையடியில் நின்றாள்.

"அக்கா, லண்டன் இன்னும் சம்மதிக்கேல்லை."

"பஸ் வந்திட்டுது. அந்தப் பையைத் தூக்கு."

ஆனியில் போர் வந்தது, பெர்லினுக்கல்ல, எங்களுக்கு. சில மாதங்களில் உடுத்த துணியோடு தீவை விட்டு ஓடினோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், யாரோ ஒருவரின் வானொலியில், ஜெர்மனி ஒன்றான செய்தியைக் கேட்டேன். அங்கே வாணம் விட்டார்களாம். சுற்றிலும் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அக்கா அந்த வாண வெளிச்சத்தில் எங்கோ இருந்தாள். அடுத்த கணமே ஒரு கேள்வி எழுந்தது. அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

அந்தக் கேள்வியைப் பின்னர் கொழும்பு வரை சுமந்துபோய், தொலைபேசியில் அவளிடம் இறக்கிவைத்தேன்.

"நல்ல காலம் அக்கா, நான் சொன்னதை நீ கேக்கேல்லை."

"எதைச் சொன்னனி?"

"லண்டன், பாரிஸ்... ஒவ்வொரு பின்னேரமும் விளங்கப்படுத்தினனானே!"

"அதுவோ? நீ றேடியோவோட சேர்ந்து கத்திக்கொண்டிருப்பாய். நான் பெர்லினுக்கு மிளகாய்த்தூள் எவ்வளவு கட்டிறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்."