பீமிலி சாலையில் டபுள்ஸ்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, பெண் சைக்கிள் விடுமாமே என்பதுதான். எங்கள் ஊர் களம்பூரில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். போட்டது உண்மைதான். அப்பா தறியை விட்டுவிட்டு ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனவர். மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் பொறுப்பு. அண்ணனின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட ஆரம்பித்தவள், வயசுக்கு வருவதற்குள் சீட்டில் ஏறி உட்கார்ந்து நெல் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகும் அளவுக்குத் தேறியிருந்தேன். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைக் காட்டி, "இந்த வெளக்கு மேல சத்தியமா என் பொண்ணு சைக்கிள தொட்டதே இல்லீங்க" என்றாள். எனக்கு உடம்பு கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். பெண் ரொம்ப அடக்கம் என்று அவர்கள் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்களாம்.

ஆரணியில் நான் வாழ்க்கைப்பட்ட தெரு முழுக்கப் பட்டுத்தறிதான். என் வீட்டுக்காரர் காலையில் தறிக்குழியில் காலை இறக்கினால் வெளிச்சம் போகும்வரை மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருப்பார். அந்தத் தெரு ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு. தறி மிதிக்கிறவன் காலுக்குச் சலிப்பே கிடையாதாம். எங்கள் கால் மெஷின் என்பார்கள். உட்கார்ந்த இடத்தில் பாதத்தை அழுத்துவது வேறு, ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் சைக்கிள் மிதிப்பது வேறு. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் சைக்கிளைத் தொட்டே பார்க்காதவள் அதை எந்த வாயால் சொல்வது?

எண்பதுகளின் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்தில் ஒரு கைத்தறிக் கண்காட்சி நடந்தது. அங்கே தறி போட்டு நெய்து காட்ட எங்கள் வீட்டுக்காரரை அனுப்பினார்கள். நூலை ராட்டையில் தார் சுற்ற ஒரு ஆள் வேண்டுமென்று நானும் கூடப் போனேன். கண்காட்சி சாயங்காலம்தான் திறக்கும். பகலெல்லாம் சும்மா இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், பீமிலி என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போகிற சாலையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், அந்த அழகைப் பார்க்காமல் ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்லி வைத்தார். பஸ்ஸில் போகலாம் என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் விடியும்போதே வாடகை சைக்கிளோடு வந்து நின்றார். நான் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டேன்.

போகும்போது சொர்க்கம். அதை மறைப்பானேன். வலதுபுறம் கடல் கூடவே வந்தது. இடதுபுறம் செம்மண் மலைகளும் பனைமரங்களும் முந்திரிப் புதர்களும். சாலை ஏறும், வளையும், மேட்டின் உச்சிக்குப் போனதும் மொத்தக் கடலும் காலடியில் விரிந்து கிடக்கும். அப்புறம் ஒரே சரிவு. காற்று முதுகில் இருந்ததால் அவருக்குச் சிரமமே தெரியவில்லை. பாட்டுகூடப் பாடினார். நான் பின்னால் உட்கார்ந்து, இந்தச் சரிவில் பிரேக்கை இப்படி மொத்தமாகப் பிடிக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது காற்று எதிரே நின்றது. வெயிலும் ஏறிவிட்டது. இரண்டாவது மேட்டின் பாதியில் அவர் "அம்மா" என்று சைக்கிளோடு சாய்ந்தார். இரண்டு கெண்டைக்காலும் சுருட்டிக்கொண்டுவிட்டன. சாலையோரத்தில் உட்கார வைத்து நீவிவிட்டேன். கல்லாக இருந்தது. எழுந்து நின்றால் மறுபடி இழுத்தது. சாயங்காலம் தறியைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார், தறியில் ஆள் இல்லாவிட்டால் ஆரணிக்கே தலைகுனிவு. பஸ் எப்போது வருமென்று சொல்ல அங்கே ஒரு மனிதரும் இல்லை. அவர் கடலைப் பார்த்தபடி, "பேஜாராப் போச்சே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்தேன். புடவையைக் கால்களுக்கு நடுவே இழுத்துக் கச்சமாகச் செருகினேன். என் முழங்காலுக்குக் கீழே வெயில் பட்டதே எனக்குக் கூச்சமாக இருந்தது. "பின்னாடி ஒக்காருங்க" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். மேட்டில் அவரை உட்கார வைத்தே தள்ளிக்கொண்டு ஏறினேன். உச்சியில் பாரின் மேலே காலைத் தூக்கிப் போட்டு, ஓர் உந்து உந்தி ஏறி உட்கார்ந்தேன். உடம்பு எதையும் மறக்கவில்லை. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு முறையாவது தடுமாறியிருந்தால் அவசரத்துக்குக் கற்றுக்கொண்டேன் என்று சமாளித்திருக்கலாம். சரிவில் சைக்கிள் நூல் பிடித்தாற்போல் இறங்கியது.

பின்னால் அவர் என் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா சத்தியம் செய்த விளக்கு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவமானத்தில் என் காது இரண்டும் எரிந்தன. வழியில் மீன்கூடையோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். எல்லோருமே என்னைப் போலக் கச்சம் கட்டியிருந்ததால் என் காலை யாரும் பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஆம்பளையைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி தெலுங்கில் என்னவோ சொல்ல, மற்றவர்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆரணிக்காரர்களுக்கு அவ்வளவு தெலுங்கு தெரியாமல் இருக்குமா? பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போகிறாய், பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மேடு தாண்டி நீளமான சரிவு வந்தபோது, அவர் பின்னால் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தும், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு காற்று என் முகத்தில் அடித்ததில்லை. வெட்கம் கெட்டவள், ஆளே இல்லாத சாலையில் மணிகூட அடித்தேன்.

ஊர் தெரிய ஆரம்பித்ததும், நிறுத்து என்றார். இறங்கி, நொண்டியபடியே ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டார். நான் புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

"இது நம்மோட இருக்கட்டும். மீன் லாரில ஏறி வந்தோம். உங்கம்மாவ யாரும் பொய்க்காரின்னு சொல்லக்கூடாது" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் தறியில் உட்கார்ந்து எப்படி மிதித்தார் என்று எனக்குத்தான் தெரியும். அதிகாரி கை தட்டிவிட்டுப் போனார்.

ஆரணிக்குத் திரும்பியதும் அவரே முந்திக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார். கால் பிடித்துக்கொண்டது, லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு வந்தான். தெரு விடுமா? நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவே அடுத்த வீட்டுத் தறியிலிருந்து, மெஷின் ரிப்பேர் ஆயிடுச்சா என்று தினமும் குரல் வரும். டீக்கடையில் அவர் நுழைந்தால் முதலில் அவர் காலைத்தான் விசாரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் உள்ளே தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ராட்டையை நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். அம்மாவை நினைத்துக்கொள்வேன். ராட்டை மறுபடி சுற்றும்.

பொங்கல் வரிசை கொண்டு அம்மா வந்தாள். தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டு மாமியார் இலை போட்டிருந்தாள். பேச்சு வழக்கம்போல அந்தக் காலுக்கு வந்தது. எல்லோரும் சிரிக்கவே அம்மாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்குக் கால்ல தெம்பு இல்லன்னா என் பொண்ண எதுக்கு ஏத்தினு போவணும்? பாவம், அதுக்கு சைக்கிள்னாலே பயமாச்சே" என்றாள்.

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாங்க அத்தை" என்றார். சிரிக்கவும் செய்தார்.

என் கையில் சாம்பார் வாளி இருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அதில் ஒரு சின்னக் கலக்கம்கூட இல்லை. தான் சொன்ன பொய்யை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"லாரியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் அவர பின்னாடி வெச்சி மிதிச்சினு வந்தேன்" என்றேன்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. இனி என் மாமியார் விளக்கை இழுக்கப் போகிறாள், சத்தியத்தை இழுக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அம்மா இருந்த பக்கமே திரும்பவில்லை. எங்களை அத்தனை நாள் பயமுறுத்திய அந்தச் சத்தியம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மகனைத்தான் பார்த்தாள்.

"நீ பொண்டாட்டி பின்னாடி ஒக்காந்துகினா வந்த?" என்றாள்.

இலையில் இருந்த நான்கு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

நான் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தோட்டத்தில் கையை நீட்டினார், தண்ணீர் ஊற்றினேன். அவர் என்னைப் பார்க்காமலே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"இத்தன நாளா நான் சொமந்துகினு இருந்தேன். நீ ஒரு பேச்சுல எறக்கி வெச்சிட்ட. ஒனக்கு பாரம் கொறஞ்சிதா?"

குறையவில்லை. சொம்பில் இருந்த தண்ணீரை எல்லாம் அவர் கையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன்.