சகலன் பார்க்க அடித்த பெற்றோல்

ஒக்லாந்தின் பென்ரோஸில் ஒரு கராஜில் நான் வேலைக்குச் சேர்ந்து, பரீட்சார்த்த காலம்கூட முடியவில்லை. எங்கள் தமிழ் வாடிக்கையாளர் மரியநாயகம் அண்ணையின் கார் இரண்டாம் தடவையும் கரும்புகை கக்கிக்கொண்டு கராஜ் வாசலில் வந்து நின்றது. முதலாளி பிரையன் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து புகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேட், இது நீ திருத்தின கார்தானே? இன்னொருக்கா புகையோட வந்தா காரை உள்ளுக்கு விடுவன். உன்னை விடமாட்டன்."

வீட்டில் கைக்குழந்தை. மற்றக் கராஜ்களோ 'நியூசிலாந்து அனுபவம் இருக்கா' என்று கேட்டே கதவைச் சாத்தின.

ஜப்பானில் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக ஒக்லாந்தில் வந்திறங்கிய தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவற்றின் புகை போகும் எக்ஸோஸ்ற் குழாயில் ஒக்சிசன் சென்சர் இருக்கும். புகையில் மிஞ்சிய ஒக்சிசனை அளந்து காரின் கம்பியூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது செத்தால் கம்பியூட்டர் கண்மண் தெரியாமல் பெற்றோலை ஊற்றும்.

மீற்றரைப் பிடித்தேன். நல்ல சென்சர் என்றால் வோல்ற்றேஜ் ஏறி இறங்கி ஆட வேண்டும். இது கீழேயே படுத்துக் கிடந்தது. நான் போட்ட புதுச் சென்சர்! கழற்றினால் நுனி முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சு. ஈயம். பழைய சென்சரைக் கொன்றதும் அதுதான். சூப்பர் பெற்றோலில் ஈயம் இருக்கிறது, இந்தக் காருக்கு ஈயமில்லாத ரெகுலர்தான் அடிக்க வேண்டும் என்று அப்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"அண்ணை, திரும்பவும் சூப்பரே அடிச்சனீங்கள்?"

"சீச்சீ, நீர் சொன்ன பிறகு தொடவே இல்லை."

"அப்ப ஈயம் வானத்தாலயே வந்தது? உங்கட காரால என்ர வேலை போகப்போகுது."

பிரையனுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஞாயிறு பூசை முடிய எல்லாரும் ஒனிஹங்காவில ஒரே பெற்றோல் செற்றிலதான் அடிக்கிறது. பக்கத்துப் பம்பில சகலன் சூப்பர் அடிக்கிறான். நான் மலிஞ்ச ரெகுலரைத் தூக்கினா மனிசியின்ர தங்கச்சி என்ன நினைப்பாள்?"

"திங்கக்கிழமை அடியுங்கோவன். ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"ஞாயிறு அடிக்காமல் போனா, இவனிட்டைக் காசில்லை எண்டெல்லோ நினைப்பினம்!"

மனிதர் தன் மானத்தைக் காப்பாற்ற என் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இன்னொரு சென்சரைப் பூட்டினேன்.

மறுநாள் வாசலில் மறுபடியும் கரும்புகை. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அது வேறு கார். இறங்கியவர் பெனடிக்ற், அதே சகலன். இவருடையதும் ஜப்பான் கார், இவருடைய சென்சரிலும் அதே சாம்பல்.

"உங்களுக்கு ஆர் சூப்பர் அடிக்கச் சொன்னது?"

"நல்ல கேள்வி! மரியநாயகம் சூப்பர் அடிக்கேக்கை, பக்கத்தில நிண்டு நான் ரெகுலர் அடிக்கிறதே?"

நான் கைவைக்காத காரிலும் அதே நோய் என்றதும் பிழை என்னில் இல்லை என்பது பிரையனுக்கு விளங்கியது. முழுக்கதையையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இவங்களுக்கு இனி ஒண்டும் விளங்கப்படுத்தாதே, மேட். இந்தச் சகலன்மார் இருக்கும்வரைக்கும் உனக்கு இங்க வேலை நிரந்தரம்."

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சென்சர் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பூட்டாதீர்கள். வாடிக்கையாளர் எங்கள் ஆளாக இருந்தால், காரை விட்டுவிட்டு முதலில் அவருடைய சொந்தக்காரரை விசாரியுங்கள்.