தப்பாகக் கணக்குப் போடும் டீச்சர்

கோழிகளை விரட்டிவிட்டு, சாமான் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, பினா சீலோ கணக்கைத் தப்பாகப் போடத் தொடங்குகிறார். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு. கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் பலகையில் எழுதி, அடிக்கோடு வேறு போடுகிறார். பிறகு எதிரில் இருக்கும் போனை நோக்கி வந்து, படம் முழுக்க மறையும்படி உள்ளங்கையை நீட்டுகிறார். "நிறுத்து! டீச்சர் ஒரு தப்பு பண்ணியிருக்கா. எங்கேன்னு கண்டுபிடி. அப்புறம்தான் கையை எடுப்பேன்."

கை விலகினால் அங்கே ஒரு வாளி இருக்கும். பாதி வரை மக்காச்சோளம். அதில் இன்னும் கொட்டியபடியே கேட்பார்: "ஐந்துல ரெண்டுன்னா அரையைவிடக் கம்மி. கொட்டக் கொட்டக் குறையற வாளி உங்க வீட்டுல இருக்கா? இருந்தா எங்க வாங்கினீங்கன்னு சொல்லுங்க, அந்தக் கடைக்காரனை நான் பார்க்கணும்." பிறகு ஆறில் ஐந்து எப்படி வருகிறது என்று நிதானமாகப் போட்டுக் காட்டுவார். மூன்று நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

சோமா ஊரில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மூத்த மகள் சீலோ, அதனால் சீலோவின் அம்மா, பினா சீலோ. ஐந்து செங்கல்லை அடுக்கி, பழைய சைக்கிள் டியூப் கீற்றால் அதில் போனைக் கட்டியிருப்பார். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்று படப்பிடிப்பு இல்லை. கணக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கறிக்கடையிலிருந்து மாட்டு நுரையீரலை வாங்கி வந்து, பப்பாளி இலைக் காம்பை அதில் செருகி ஊதிக் காட்டுவார். கறையான் புற்றின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மண் அரிப்பு நடத்துவார். சக ஆசிரியர்களின் தொப்பிகளை வரிசையாக வைத்துத் தேர்தல் நடத்துவார். எல்லாப் பாடத்திலும் முதலில் தப்புத்தான். சாப்பாடு நுரையீரலுக்குப் போகும். ஆறு மேட்டில் ஏறும். தோற்றவர் பதவி ஏற்பார். ஏன் இப்படி என்று கேட்டால் எரிந்து விழுவார். "பிள்ளைங்க மனசுல முதல்ல வர்றது தப்புதான். அதை நானே சொல்லித் தொலைச்சிட்டா, அதுங்க வாயைத் திறக்க வெட்கப்படாதில்ல?"

சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்கு மினிபஸ் கண்டக்டர்கள் வழியாக மெமரி கார்டு போகும். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதற்குள் கார்டை வைத்துக் கொடுத்து, "தொலைச்சே, உன் பஸ்ல இனிமே ஒரு டீச்சரும் ஏற மாட்டா" என்று சொல்லி அனுப்புவார். இதுவரை ஒன்றும் தொலைந்ததில்லை.

தொலைத்தது ஆபீஸ்தான். போன வருடம் மாவட்டக் கல்வி அலுவலகம் அவருடைய வீடியோக்களை எல்லாம் வாங்கிக்கொண்டது, இனி ஆபீஸ் வழியாகத்தான் பள்ளிகளுக்குப் போகும் என்றது. சான்றிதழ் கொடுத்தார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். மூன்று நிமிடம் நீளம் என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள் என்றும் குளிர்பதன அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் நடந்து பள்ளிக்கு வருகிறவர்கள் என்பது அந்த அறைக்குத் தெரியாது. எல்லாப் பாடத்தையும் ஒன்றரை நிமிடத்தில் வெட்டினார்கள். கணக்குப் பாடத்தில் கத்தி விழுந்த இடம் அடிக்கோட்டுக்கு அடுத்த நொடி. கையும் போயிற்று, வாளியும் போயிற்று. மிச்சம் இருந்தது ஐந்தில் இரண்டு. பினா சீலோவின் முகத்தோடும் குரலோடும் அது நாற்பது பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இது அவருக்குத் தெரியவந்தது மாதிரித் தேர்வில். திருத்துவதற்காக ஒரு பள்ளத்தாக்குப் பள்ளியின் விடைத்தாள்கள் அவரிடம் வந்தன. முப்பத்தொன்றிலும் ஐந்தில் இரண்டு, முப்பத்தொன்றிலும் அடிக்கோடு. மறுநாளே மினிபஸ் ஏறி அந்தப் பள்ளிக்குப் போனார். வகுப்பிலேயே முதல் மாணவி சிபேகோ எழுந்து நின்றாள்.

"வாளியில கொட்டினா குறையுமாம்மா?" என்று பினா சீலோ கேட்டார்.

"வாளியில குறையாது டீச்சர். கணக்குல குறையும்."

"யார் சொன்னா?"

"நீங்கதான். பதினோரு தடவை பார்த்தோம். என் அண்ணன் ஆறுல ஐந்துன்னான். சோமா டீச்சரைவிட உனக்குத் தெரியுமான்னு சண்டை போட்டு அவனை அழவெச்சேன்."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். பினா சீலோவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. தன்னை நம்பியதற்காக ஒரு பிள்ளையைத் தண்டித்தவர்கள்மேல்தான் வந்தது. அங்கேயே சாக்கட்டியை எடுத்து அந்த முப்பத்தொரு பேருக்கும் திருத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். மீதி முப்பத்தொன்பது பள்ளிகள் இருந்தன. ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்.

வீடியோ பிரிவின் அதிகாரி முன்சாகா. அவர் கழுதைப்புலிக் குலம், பினா சீலோ ஆட்டுக் குலம். இரண்டு குலத்துக்கும் கேலிமுறை உண்டு. சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டவர் கேலி செய்தவருக்கு ஒரு கோழி அபராதம் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான், எத்தனையோ சண்டையைச் சிரிக்கவைத்து முடித்த வழக்கம். முன்சாகா அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்.

முழு வீடியோவை அனுப்பச் சொல்லி பினா சீலோ முதல் தடவை போன் செய்தபோது, "ஆடு கத்துது, யாராவது உப்பு எடுத்துட்டு வாங்கடா" என்றார். இரண்டாம் தடவை, "ஏய் ஆட்டுக்காரி, உன் மூஞ்சியை நாப்பது பள்ளிக்கூடத்துல காட்டினதுக்கு நீ எனக்கு விருந்து வெக்கணும். நானே முழுங்கியிருப்பேன், எலும்புதான் ஜாஸ்தி" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பது போனில் கேட்டது. இவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிச் சிரித்துவைத்தார். போனை வைத்த பிறகுதான் தான் சிரித்தது நினைவுக்கு வந்தது. தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்த வாரமே திட்டத்தின் வெற்றியைக் காட்ட அலுவலகத்தில் கூட்டம். நாற்பது தலைமை ஆசிரியர்களும், பணம் கொடுத்த வெளியூர் விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். பினா சீலோ ஒரு துணிப்பையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பை அவ்வப்போது அசைந்தது.

முன்சாகா மேடையில் இருந்தே ஆரம்பித்தார். "அதோ நம்ம ஆடு! வாசல்ல பூச்செடி இருந்துச்சே, இன்னும் இருக்கான்னு யாராவது போய்ப் பாருங்க!" அறை முழுக்கச் சிரிப்பு.

பினா சீலோ எழுந்தார். நேராக மேடைக்குப் போய், பையிலிருந்து கால் கட்டிய ஒரு சிவப்புக் கோழியை எடுத்து முன்சாகாவின் மேசைமேல், காகிதங்களுக்கு நடுவில் வைத்தார்.

"அபராதம். முன்னாடியே கட்டிட்டேன். இனி நான் கோபப்படலாம், இல்லையா முன்சாகா சார்?"

இத்தனை வருடத்தில் அவரை சார் என்று பினா சீலோ கூப்பிட்டதே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். கோழி மட்டும் ஒரு தடவை கத்தியது.

"என் வாயால நாப்பது பள்ளிக்கூடத்துக்குப் பொய் சொல்ல வெச்சிருக்கீங்க. ஒன்பது நாள் இருக்கு. முழு வீடியோ இன்னைக்கே போகணும். அது போறவரைக்கும் நான் உங்களுக்கு ஆடும் இல்ல, நீங்க எனக்குக் கழுதைப்புலியும் இல்ல."

"விருந்தாளிங்க முன்னாடி என்ன இது, பினா சீலோ? முதல்ல இந்த வீடியோ ஓடி முடியட்டும், அப்புறமா உட்கார்ந்து பேசலாம்" என்று முன்சாகா அவசரமாகப் பொத்தானை அழுத்தினார்.

சுவரில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக இன்னொரு பினா சீலோ வந்து நின்றார். அரை. மூன்றில் ஒன்று. சாக்கட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதி, அழுத்தமாக ஒரு கோடு இழுத்தது. முன்வரிசையில் ஒரு விருந்தாளி கைதட்டத் தொடங்கினார்.

பினா சீலோ புரொஜெக்டருக்கு முன்னால் போய் அதன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து மூடினார். சுவர் இருண்டது.

"நிறுத்துங்க. ஒரு தப்பு இருக்கு. எங்கேன்னு கண்டுபிடிங்க."

"கை சுட்டுடும் டீச்சர்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சுட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.