நோய்களுக்கு எண் எழுதிய ஜைனபு

சிதம்பரத்திலிருந்து டிரங்க் கால் வந்தபோது நான் ஆபரேஷன் அறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். மறுமுனையில் பேசியவர் யாரென்று பிடிபடவில்லை. அலை இரைச்சல் போன்ற ஓசைக்குள்ளிருந்து, "நம்ம ஜைனபு மௌத்தாயிட்டாங்க டாக்டர்" என்ற சொற்கள் மட்டும் மேலே வந்தன. காய்ச்சல் என்று விடுப்பில் போனவர் இறந்துவிட்டார். குணமாகித் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். போனை வைத்ததும் கால்கள் தாமாகவே பதிவேட்டு அறைக்கு நடந்தன. அவருடைய நாற்காலியில் மதிய வெயில் உட்கார்ந்திருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜைனபு அவர்கள் கடலூரில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையின் பதிவேட்டு அலுவலர். வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளியின் குறிப்புத்தாளும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் போகும். உலகத்துக்கெல்லாம் பொதுவான நோய்ப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண். தாளைப் படித்து உரிய எண்ணை எழுதுவது அவர் பணி. சீன யுத்தச் செய்திகளை நாங்கள் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் வேலைக்குச் சேர்ந்தார். செம்மண்டலத்தில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தார். சனிக்கிழமை பிற்பகல் ரயிலில் சிதம்பரத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய வாப்பாவும் தம்பி குடும்பமும் இருந்தார்கள்.

அறுவைப் பிரிவில் என்னிடம் வருபவர்களில் வயதானவர்களே அதிகம். சிறுநீர் அடைத்துக்கொண்டு, முகம் வெளிறி, மாட்டு வண்டியில் படுத்தபடி வருவார்கள். வேலை நெருக்கத்தில் தாளில் 'சிறுநீர் அடைப்பு' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவோம். தாள் திரும்பி வரும். அதன் பின்னாலேயே அவரும் வருவார். தலையில் முக்காடு, பார்வை மேசையின் விளிம்பில்.

"அடப்பு எதுனால சார்?"

"புராஸ்டேட் வீக்கந்தாம்மா."

"சாதாரண வீக்கமா, புத்து நோயா? சதைய அனுப்பிப் பாத்தாச்சா? ரெண்டுக்கும் நம்பர் வேற சார்."

ஒரு பெண் வந்து இதையெல்லாம் கேட்பதா என்று சில டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். அவருக்கும் கூச்சம் இல்லாமலில்லை. குரல் தேய்ந்து தேய்ந்து வரும். ஆனாலும் கேட்பார். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே, வெகுதூரத்தில் எதையோ பார்ப்பவர்போல் நின்றுவிட்டுச் சொன்னார்:

"படிக்கும்போது அவுங்க ராத்திரி எல்லாம் எனக்குத் தெரியுது சார். எந்திரிச்சு, கதவத் தொறந்து, கெணத்தடியில போய் நின்னு, ஒண்ணும் வராம திரும்பி வந்து படுக்குறாங்க. இவ்ளோ கஷ்டத்துக்கு 'அடப்பு'ன்னு மட்டும் எழுதிட்டா, அவுங்க வந்துட்டுப் போனதே தெரியாமப் போயிரும்."

அப்படிப்பட்டவர், மழை பிடித்திருந்த ஒரு காலையில் என் அறைக்கு வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல எங்க வீட்டுக்குச் சாப்புட வரணும் சார்" என்றார். பிறகு தணிந்த குரலில், "வாப்பாவப் பாக்கணும். ஆனா பாக்க வந்த மாரி தெரியக் கூடாது. அவுங்க வெள்ளிக்கிழம ஜும்மாத் தொழுகைக்குப் போறதயே நிறுத்திட்டாங்க. ஏன்னு எனக்குத் தெரியும். மகளா இருந்துக்கிட்டு நான் எப்படிக் கேப்பேன்?"

ஊரில் உள்ள பெரியவர்களுக்காகவெல்லாம் கேட்டவர், தம் வாப்பாவிடம் கேட்க முடியாமல் என் முன்னால் கண் கலங்கி நின்றார். வருகிறேன் என்றேன்.

அவருடைய வாப்பா சுல்தான் மரைக்காயர் பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். தேங்காய்ச் சோறும் ஆட்டுக்கறியும் பரிமாறி, பினாங்குத் துறைமுகத்தின் விளக்குகள் தண்ணீரில் நீள நீளமாக நெளிவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே அடிக்கடி எழுந்து போனார். சாப்பிட்ட பிறகு என்னை மாடிக்கு அழைத்துச் சென்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஒளு நிக்க மாட்டேங்குது டாக்டர். கைகால் கழுவிச் சுத்தமா தொழ நின்னா, சொட்டிருது. எந்த மொகத்தோட பள்ளிவாசலுக்குப் போவேன்?"

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றேன்.

"செஞ்சிக்கிறேன். ஆனா ஜைனபுக்குத் தெரியக் கூடாது. குடலெறக்கம்னு சொல்லிருவோம். எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன்.

மரைக்காயர் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். முதுகில் மருந்து ஏற்றி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்த வேளையில், பாதிக் கண் மூடியபடி, "கப்பல் பொறப்பட்டாச்சா?" என்று என்னைக் கேட்டார். "பொறப்பட்டாச்சு பாய்" என்றேன். நிம்மதியாகச் சிரித்தார். ஜைனபு அவர்கள் தினமும் மதியம் தூக்கில் கஞ்சி கொண்டு வருவார். கட்டிலடியில் தொங்கிய சிறுநீர்ப் பாட்டிலின் மேல் போர்வையை இழுத்துவிட்டு உட்காருவார்.

"குடலெறக்கம் எப்படியிருக்கு வாப்பா?"

"தேவல புள்ள."

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தோம். புற்றாக இருந்துவிடுமோ என்ற பயம் ஜைனபு அவர்களை அரித்தது. வராந்தாவில் எதிரே வந்தால் நின்று என் முகத்தைப் பார்ப்பார், கேட்காமலேயே போய்விடுவார். மரைக்காயர் வீடு திரும்பும் நாளில் பதில் வந்தது. எனக்கோ வாக்குக் கொடுத்த வாய். உட்கார்ந்து, மரைக்காயரின் தாளை ஒரு வரி விடாமல் எழுதினேன்: சிறுநீர் அடைப்பு, காரணம், புராஸ்டேட் வீக்கம், சாதாரண வகை, பரிசோதனையில் புற்று இல்லை. ஆளிடம் கொடுத்தனுப்பாமல் நானே கொண்டுபோய் ஜைனபு அவர்களின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். வெளியே மழை ஓசையே இல்லாமல் பெய்துகொண்டிருந்தது. முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, எண்ணை எழுதினார்.

"ஒங்க எழுத்து இன்னிக்கு நல்லாப் புரியுது சார்" என்றார். அவ்வளவுதான்.

மரைக்காயர் ஜும்மாவுக்குப் போகத் தொடங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்து ஊருக்குப் போய், அவர் நடந்து போவதை வாசலில் நின்று மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்ததாக அடுத்த திங்கட்கிழமை ஜைனபு அவர்கள் என்னிடம் சொன்னார்.

சிதம்பரத்தில் ஜைனபு அவர்களின் நல்லடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மரைக்காயர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியும் டாக்டர். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. குடலெறக்கக்காரனுக்கு யாராச்சும் செம்பு செம்பாத் தண்ணி குடுத்துக் குடி, குடின்னு நிப்பாங்களா? தெரியாத மாரியே இருந்தா. நானும் அப்படியே இருந்துட்டேன்." குரல் உடைந்தது. "எம் மானத்த எம் பொண்ணு பொத்திப் பொத்தி வச்சிருந்தா."

அவர் கையை நானும் விடாமல் பிடித்திருந்தேன்.

திரும்பும்போது ரயில் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்தது. பொழுது சாயும் நேரம். ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சதுப்பிலிருந்து ஒரு கொக்கு எழுந்து, அவசரமே இல்லாமல், அந்த வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தேன்.

போய் வாருங்கள், ஜைனபு அவர்களே.