அம்மாவுக்க டிராக்டர்

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் டிராக்டர் நிற்கவில்லை. பாசனச் சானல்கரை டீக்கடைக்கு எதிரே, பாதி ஊர் கூடியிருக்கும் காலை நேரத்தில் இது நடந்தது. நான் சீட்டில் இருக்கிறேன், சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. பைக்கில் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மறுபடி போட்டுத் திருப்பினேன், மறுபடி உருவினேன். புகை வந்ததே தவிர ஓசை அடங்கவில்லை.

பெஞ்சில் இருந்த வாழைக்குலை வியாபாரிதான் முதலில் சிரித்தார். "சாவியைச் சானல்ல போட்டுப் பாரும்வே, நிக்குதான்னு பாப்போம்." பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அது இவரு சொன்னா நிக்காது. வீட்டுக்காரி வந்து அட்டென்ஷன் சொன்னாத்தான் நிக்கும்." கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கடைசியில் பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு, கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அடங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயில் ரத்தம் கரித்தது. அதையும் விழுங்கிக்கொண்டு, ஒரு டீ சொல்லி, அங்கேயே நின்று குடித்து முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். ஓடி வரவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மக்களே, இந்தக் கதையை வேறு யார் வாயிலிருந்தாவது நீங்கள் இரண்டு பேரும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்லும்போது டீ குடித்ததைச் சொல்லமாட்டார்கள். பின்னால் நடந்ததையும் சொல்லமாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள்ளட்டும்.

உங்க அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே துணை ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். புதிதாகக் கொடுத்த சீருடை இடுப்பில் நிற்கவில்லை என்று என் தையல் கடைக்கு வந்தாள். அளவெடுத்துப் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த லீவில் வந்தபோது இன்னொரு சீருடையைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. அப்படித்தான் தொடங்கியது. துப்பாக்கி பிடிப்பதற்கு முன்னால் அவள் பிடித்தது டிராக்டர் ஸ்டியரிங்கை. பிளஸ் டூ படிக்கிற காலத்தில் அவளுடைய அப்பாவுக்கு இடுப்பு முடியாமல் போனது. பூதப்பாண்டிக்குக் கிழக்கே இருக்கிற அந்த வயலை அவள்தான் உழுதாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்கார்டில் அப்பாவை உட்காரவைத்து ஓட்டுவாளாம். பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

அவர் இறந்த பிறகு டிராக்டர் அவளுக்கு வந்தது; வயல் இரண்டு பேர் பேருக்கு வந்தது, அவளுக்கும் அவளுடைய அண்ணனுக்கும். உங்க மாமாவுக்கு நாகர்கோவிலில் கம்பி, சிமெண்ட் கடை. அவர் பார்வைக்கு அது வயல் இல்லை, மண் போடாத மனை. சுற்றிலும் பலர் சிவப்பு மண் அடித்து, கல் நட்டு, பிளாட் போட்டுவிட்டார்கள். அவர் தங்கச்சியிடம் சொன்ன வார்த்தை இது: "நீ விதைக்கது வரை விதை. கன்னிப்பூவோ கும்பப்பூவோ, ஒரு பூ தரிசா கெடந்துதுன்னா மறுநாளே கல்லு நாட்டிருவேன். பிறகு அழப்பிடாது." இவள் சரி என்று சொல்லிவிட்டாள். வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், இரண்டு உழவு. அதற்குத் தக்கபடி லீவு எழுதி வாங்கிவந்து உழுதுவிட்டுப் போய்விடுவாள். மீதியை நான் ஆள்வைத்துப் பார்த்துக்கொள்வேன். சின்னவன் பால்குடி மறந்திருந்த அந்த வருஷம், வடகிழக்கில் ஒரு மலை மாவட்டத்தில் கலவரம். இவளுடைய படையை அங்கே அனுப்பினார்கள். லீவு எல்லாம் ரத்து.

"இஞ்ச பாருங்க, நீங்கதான் எறங்கணும்" என்றாள் போனில்.

"நானா? ஏட்டி, நான் மாட்டுவண்டிகூட ஓட்டினது இல்ல."

"தையல் மெஷினை மிதிக்கீங்கல்லா? அதுவும் பெடல்தான், இதுவும் பெடல்தான்."

ஓட்ட ஒரு ஆளோ வாடகை டிராக்டரோ கேட்கவில்லையா என்று நினைப்பீர்கள். கேட்டேன். சானலில் தண்ணீர் விட்டால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் வண்டியும் ஆளும் கேட்கும். நம்முடையது கடைக்கோடி. அது போக, வடக்கு மூலையில் சேறு ஆழம். "அந்த மூலையில பதிஞ்சா இழுக்க ஆனைதான் வரணும்" என்று சொல்லி ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள்.

ஆகவே உங்க அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். அங்கே டவர் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று தெரியாது. கிடைக்கிற நேரத்தில் குரலைப் பதிவு பண்ணி அனுப்புவாள். பின்னால் மற்றப் பெண்கள் இந்தியில் சிரிப்பது கேட்கும். டிராக்டர் சத்தத்தில் போன் கேட்காது என்பதால், தைக்கும்போது அதைப் போட்டுப் போட்டு மனப்பாடம் செய்தேன். ஜாக்கெட் வாங்க வந்த பெண்களுக்கும் கியர் மாற்றப் பாடமாகிவிட்டது. "கிளட்சை மிதிங்க. முழுசா மிதிங்க. இப்ப பாதி மிதிச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். முழுசா." அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை, நான் மிதிக்கட்டும் என்று. "ம், இனி மெதுவா விடுங்க. தீப்பெட்டியை உரசுக மாதிரி இல்ல. பிள்ளையைத் தொட்டில்ல கெடத்துக மாதிரி." டீக்கடைச் சம்பவத்தைச் சொன்னபோது மட்டும் அவளால் பேசவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறதாம். அதை இழுத்தால்தான் டீசல் நிற்குமாம், இன்ஜின் அணையுமாம். "அதையுமா சொல்லித்தரணும்?" என்று கேட்டாள்.

சபை ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பில் பழகினேன். ஒருநாள் துணி காயப்போட்டிருந்த கொடிக்கயிற்றை இழுத்துக்கொண்டு போய், புகைக்குழாயில் ஒரு போர்வை பறக்க ஊருக்குள் வந்திருக்கிறேன். "பவனி வருது, வழி விடுங்கலே" என்று கத்தினார்கள். வாழைக்குலை வியாபாரி இன்னும் ஒரு படி மேலே போனார். "வீட்டுல அவ பேன்ட்டு போடுகா. நீரு சேலை உடுத்துகீராவே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "உடுத்துவேன்" என்றேன். "ஆனா உம்ம சட்டைத்துணி என்கிட்டத்தான் கெடக்கு. ரெண்டு கையையும் ஒரே பக்கத்துல வச்சுத் தைச்சிருவேன், பாத்துக்கிடும்." அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த கூட்டம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் மூத்தவளே, ஒருநாள் நீ மூன்றாம் வகுப்பிலிருந்து அழுதுகொண்டு வந்தாய். "அப்பா, எங்க வீட்டுல அம்மாதான் ஆம்பிளையாம். நீங்க சும்மாவாம்." உன் சடையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டே யோசித்தேன். அந்தச் சடையைப் பின்னியது நான்தான், உன் யூனிபார்மைத் தைத்ததும் நான்தான், மத்தியானம் நீ தின்ற மீன்குழம்பை வைத்ததும் நான்தான். இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் சும்மா இல்லை என்று ஒருத்தன் வாயால் நிரூபிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. "சனிக்கிழமை வயலுக்கு வா, மக்கா" என்று மட்டும் சொன்னேன்.

நீ வந்தாய். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றாய். வயல் முழுக்கத் தண்ணீர் நிறைந்து தாடகை மலை அதில் தலைகீழாகக் கிடந்தது. சேற்றில் பிடிப்புக்காகப் பின்சக்கரங்களுக்கு இரும்புக் கூண்டு மாட்டி இறங்கினேன். உங்க மாமாவும் வந்தார், கூடவே கையில் டேப்புடன் ஒரு புரோக்கர். பக்கத்து மனையில் மண் நிரவிக்கொண்டிருந்த புல்டோசர்காரனும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். முதல் சுற்றிலேயே எனக்குப் பயம் போய்விட்டது. துணி வெட்டுகிறவனுக்கு ஓரத்தில் தொடங்கி உள்ளே வரத் தெரியும். பட்டை மேல் பட்டை விழாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். கலங்கிய தொளிச் சேறு பின்னால் மாவுபோல் புரண்டது. கொக்குகள் என் பின்னாலேயே நடந்தன. உச்சிவெயிலுக்குள் வடக்கு மூலையைத் தவிர எல்லாம் முடிந்தது. தலைக்கனமும் கொஞ்சம் ஏறிவிட்டது. அப்படியே மூலைக்குள் விட்டேன்.

இடது சக்கரம் இறங்கியது. வண்டி சாய்ந்தது. "குடும்வே! கேஸைக் குடும்!" என்று வரம்பெல்லாம் கத்தினார்கள். கொடுத்தேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி அடித்தது. மாமாவின் வெள்ளைச் சட்டையில் முக்கால்வாசி அப்போதுதான் போனது. இன்னும் கொடு, இன்னும் கொடு என்று சத்தம். நானும் கொடுத்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் மெல்லத் தண்ணீரை விட்டு எழும்பின. எனக்கு முன்னால் இருந்த மலை மறைந்து பானெட்டு மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது ஜெபம் இல்லை, உங்க அம்மாவின் குரல். ஒரு பதிவில் சொல்லியிருந்தாள்: "சேத்துல பதிஞ்சா முறுக்கப்பிடாது. வரம்புல நிக்கவன் எல்லாம் குடு குடுன்னுதான் சொல்லுவான், வண்டி மறிஞ்சா அடியில கெடக்கப்போறது அவன் இல்ல. முன்னால தூக்கிச்சுன்னா ஒடனே கிளட்சை மிதிங்க. முழுசா." மிதித்தேன், முழுசாக. முன்சக்கரம் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. இறங்கினேன். முட்டு வரை சேறு ஏறியது.

மாமா சட்டையைத் துடைத்துக்கொண்டே வரம்பு ஓரத்துக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "மாப்ள, ஒமக்கு எதுக்கு இந்தப் பாடு? ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் நீரு. புல்டோசர் நிக்கு, ஒரு சங்கிலி போட்டா அஞ்சு நிமிசத்துல வெளிய வந்திரும். நான் சொல்லுகேன் அவன்கிட்ட. இந்தப் பூவோட இதை விட்டிரும். அவகிட்ட நான் பேசிக்கிடுகேன்." நல்ல வார்த்தைதான். ஆனால் அந்தச் சங்கிலியின் மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"வேண்டாம் மச்சான்" என்றேன். "சங்கிலி வேற ஆளுக்குத் தேவைப்படும்."

மண்வெட்டியை வாங்கி, சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வாரத் தொடங்கினேன். வார வார நிரம்பியது. அடுத்த வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏட்டி, அது அவளுக்க வண்டிட்டி. வாங்க, இருந்து பாத்துக்கிட்டா நிப்பிய?" சானல்கரையில் கிடந்த தென்னமட்டைகளை இழுத்து வந்தார்கள். மட்டைமேல் மட்டையாகச் சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். கலப்பையைத் தூக்கி, ரிவர்ஸ் போட்டு, கிளட்சைத் தொட்டில் கணக்காக விட்டேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை மட்டை முறிந்தது. இன்னும் மட்டை போட்டோம். பிறகு வண்டி ஒரு பெருமூச்சு விட்டது மாதிரி பின்னால் நகர்ந்தது. நீ கை தட்டினாய் மூத்தவளே. நீ தட்டுகிறாய் என்று சின்னவனும் தட்டினான்.

நான் வண்டியை வரம்பில் ஏற்றி நிறுத்தினேன். மாமா மூலையைக் காட்டினார். "அது கெடக்கே மாப்ள. பூரா உழுதாத்தான் கணக்கு. மூலை தரிசுன்னாலும் தரிசுதான்."

புரோக்கர் சிரித்தான். மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இடுப்பு வரை சேறு. ஒரு வெட்டு வெட்டினால் மண்வெட்டியை உருவ இரண்டு மூச்சு வேண்டும். மெஷின் போகாத இடத்தில் கையால் தைப்பது என் தொழிலில் புதிது இல்லை. புரோக்கர் முதலில் போனான். புல்டோசர்காரன் அப்புறம் போனான். மாமா நின்றார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் நின்றார். கடைசி வெட்டு முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய ஸ்கூட்டர் சானல்கரையில் போய்க்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி உங்க அம்மாவுக்கு டவர் கிடைத்தது. எல்லாம் சொன்னேன். கடைசியில் மூலையைக் கையால் வெட்டியதையும் சொன்னேன்.

"என்னட்டி, கேக்குதா?"

"அந்த மூலையையா?" என்றாள். "அதை நான் ஒருநாளும் உழுதது இல்லையே. எங்க அப்பாவும் விட்டுட்டுத்தான் வருவாரு. கோரைதான் நிக்கும். அண்ணனுக்கும் அது நல்லாத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. கை இரண்டும் கொப்பளித்து, சோற்றைக்கூட ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன்.

இப்போது மூத்தவள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவன் எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறான். உங்க அம்மாவுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. இப்போது வேறு ஒரு எல்லையில் இருக்கிறாள். சுற்றியிருக்கிற மனைகளில் கல் நிற்கிறது, வீடு ஒன்றும் எழும்பவில்லை. நடுவில் நம் வயல் பச்சையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு பூவுக்கும் நான்தான் இறங்குகிறேன், ஊரில் யாரும் இப்போது சிரிப்பது கிடையாது. மாமா இன்னும் வருவார், வரம்பில் நிற்பார், அவர் மனசு மாறவில்லை. என்னுடையதும் மாறவில்லை. டிராக்டர் வேலை முடிந்ததும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மண்வெட்டியோடு வடக்கு மூலைக்குப் போகிறேன். அங்கே விளைகிற நெல் ஒரு பிடிச் சோற்றுக்குக்கூடக் காணாது. வெட்டவேண்டிய தேவையே இல்லை. வெட்டுகிறேன்.